வீட்டில் பிள்ளைகளுக்குச் சூழல் பழக்கங்கள்: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் அக்கறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் இறங்குகிறார்கள். பனி உருகுவதையும் துருவக்கரடி தவிப்பதையும் காணொளியில் காட்டுவது ஒரு வழி. மூங்கில் டூத்பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா என்று புதிய பொருள்களை வாங்கி அடுக்குவது மற்றொரு வழி. முதலாவது பிள்ளைக்கு அச்சத்தைத் தருகிறதே தவிர, செய்வதற்கு ஒரு வேலையைத் தருவதில்லை. இரண்டாவது இன்னொரு கடைச்செலவு, அவ்வளவே. தன் கையால் செய்து, அதன் விளைவைத் தன் கண்ணாலேயே பார்க்கவும் முடிந்தால் அளக்கவும் கூடிய வேலைதான் ஒரு பிள்ளையிடம் பழக்கமாக நிற்கும். ஆகவே, குப்பை, தண்ணீர், மின்சாரம், கடை என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் பிள்ளையிடம் எந்தப் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சிறிய வீட்டிலோ வாழும் குடும்பத்தை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது.

தொடங்குவதற்கு முன்

ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்ற முயலாதீர்கள். ஒரு பழக்கம் நினைவூட்டல் இல்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். அதற்கு ஒரு மாதம் ஆனாலும் இரண்டு மாதம் ஆனாலும் அவசரமில்லை. பிள்ளைக்குச் சொல்வதற்கு முன்னர் வீட்டிலுள்ள பெரியவர்கள் தங்களுக்குள் பேசி ஒத்துக்கொள்வது அதைவிட முக்கியம். அப்பா ஒரு கூடையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகும் வீட்டில் பிள்ளை குப்பையைப் பிரிக்காது. “குழந்தை கையில குப்பையையா குடுப்பீங்க?” என்று பாட்டி வருத்தப்படும் வீடுகளும் உண்டு, அந்த வருத்தத்தை அலட்சியம் செய்யாமல், கை கழுவும் ஏற்பாட்டைக் காட்டி அவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒரு தலைமுறைக்கு முன்னால் எதையும் எளிதில் தூக்கி எறியாமல் குடும்பம் நடத்தியவர் அவர்தான். தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துப் பாத்திரம் துலக்கியதை அவர் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள்.

வயதைப் பார்த்து வேலையைக் கொடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுவரை ஒரே ஒரு வேலை போதும்: வாழைப்பழத் தோலைச் சரியான கூடையில் போடுவது, செடிக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவது போன்றவை. ஆறு முதல் ஒன்பது வயதுவரையிலான பிள்ளைகள் எண்ணுவதையும் அளப்பதையும் விரும்புவார்கள் என்பதால், கீழே வரும் அளவைகள் பெரும்பாலும் அவர்களுக்கானவை. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் வேலையை மட்டும் கொடுத்தால் அது எடுபிடி வேலையாகத் தோன்றும். முடிவெடுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே வேலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், நம் வீடுகளில் அதைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

முதல் படி: குப்பையைப் பிரித்தல்

தினமும் உருவாவதாலும் கண்ணுக்குத் தெரிவதாலும் குப்பையிலிருந்து தொடங்குவதே எளிது. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள ஆபத்தான கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக்காரரின் கடமையாக்கின. சமையலறையில் பச்சை நிறக் கூடை ஒன்று, நீல நிறக் கூடை ஒன்று, பழுதான பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா: இவை போதும். கூடைகள் பிள்ளையின் இடுப்புயரத்துக்கு மேல் போகக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத வயது என்றால், காய்கறித் தோலையும் பிஸ்கட் உறையையும் பிள்ளையையே படமாக வரையச் சொல்லிக் கூடைகளின் மேல் ஒட்டிவிடுங்கள்.

முதல் வாரம் எதையும் திருத்தாமல், இரவில் இரண்டு கூடைகளையும் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பது மட்டும் போதும். எது அதிகமாக இருக்கிறது, எந்த உறை தினமும் வருகிறது என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்தப் பதில் பால் பாக்கெட்டாக இருக்கும். இதில் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கும்போது அந்தத் துண்டை முழுவதும் வெட்டி எடுக்காமல், பாக்கெட்டோடு ஒட்டியிருக்கும்படி விட்டுவிட வேண்டும். தனியாக விழும் அந்தச் சிறு முக்கோணத்தை யாரும் பொறுக்கி எடுப்பதில்லை. அது நேராகச் சாக்கடைக்கோ மண்ணுக்கோ போகிறது. தினம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஓர் ஆண்டில் 730 துண்டுகள். பாக்கெட்டைக் கழுவி, கொடியில் கவிழ்த்துக் காயவைத்துச் சேர்த்து, பழைய பேப்பர் கடையில் போட்டால் எடைக்கு ஏதோ கொஞ்சம் பணமும் கிடைக்கும். அந்தப் பணத்தைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். அது பொருளின் விலைதானே தவிர, வேலைக்கான கூலி அல்ல. குப்பை பிரித்தால் பத்து ரூபாய் என்று கூலி பேசத் தொடங்கினால், பணம் நிற்கும் நாளில் பழக்கமும் நின்றுவிடும்.

பிரிப்பதற்கான காரணத்தையும் சொல்ல வேண்டும். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்பது ஏழு வயதுக்கு மிகப் பெரிய சொல். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரின் கைகளைக் காட்டுங்கள். கலந்து போட்ட குப்பையில் உடைந்த கண்ணாடி இருந்தால் அது யார் கையைக் கிழிக்கும் என்று கேளுங்கள். அவரை அக்கா, அண்ணா என்று அழைத்து, கூடையைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். கண்ணாடித் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே பெரிதாக எழுதிக் கொடுப்பதும், சானிட்டரி நாப்கினையும் டயப்பரையும் தனியாகத் தாளில் பொதிந்து கொடுப்பதும் அதே காரணத்துக்காகத்தான். சென்னையில் இருப்பவர்கள் பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். நகரத்தின் குப்பை பல ஆண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் அவை. பெருங்குடிக் கிடங்கு பறவைகள் வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே அமைந்தது என்பதையும், அந்தச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது என்பதையும் பெரிய பிள்ளைகளிடம் பேசலாம்.

இரண்டாவது படி: மக்கும் குப்பையை உரமாக்குதல்

இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன். தோலும் தண்டும் மண்ணாக மாறுவதை ஒரு முறை கையில் அள்ளிப் பார்த்த பிள்ளைக்கு, மக்குவது என்றால் என்ன என்று அதன் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியோ, அதே அளவுள்ள மண்பானையோ இரண்டு வேண்டும். பழைய பெயின்ட் வாளியும் நன்றாகக் கழுவினால் உதவும். பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் துளைகள் போட்டு, அடியில் இரண்டு அங்குல உயரத்துக்குச் சருகு பரப்புங்கள். அதன் மேல் அன்றன்றைய காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, உதிர்ந்த பூ ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் போட்டதைப் போல் இரண்டு மடங்கு சருகாலோ கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூளாலோ மூடிவிட வேண்டும். மக்குதல் விரைவாகத் தொடங்க, முதல் நாளில் ஒரு கைப்பிடி பழைய உரமோ தோட்டத்து மண்ணோ போடலாம். அதுவும் இல்லையென்றால் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் போதும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை குச்சியால் கிளறிவிடுவதும், சருகு போடுவதும் பிள்ளையின் பொறுப்பு. குழம்பு கலந்த சோறு, எண்ணெய்ப் பண்டம், மீன் முள், கோழி எலும்பு ஆகியவை பால்கனியில் வைக்கும் வாளிக்கு ஒத்துவராது. எலுமிச்சைத் தோல் கொஞ்சமாக இருக்கலாம். தேங்காய் ஓடு எளிதில் மக்காது.

ஈரப்பதத்தைச் சோதிக்க, ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், பிடித்த வடிவம் உடனே உதிர்ந்தால் ஈரம் குறைவு, உருண்டையாக நின்றால் சரி. புளித்த நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று பொருள். இரண்டு கைப்பிடி கூடுதலாகப் போட்டுக் கிளறினால் ஓரிரு நாளில் அடங்கும். தடித்த, வெளிர்நிறப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பெரும்பாலோர் வாளியையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈ எனப்படும் பூச்சியின் புழுக்கள். கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை நம்மைவிட வேகமாகத் தீர்த்துக்கொடுக்கும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தாம் இதற்கு அருவருப்படைகிறார்கள் என்பதையும், நம் முகச்சுளிப்பைப் பார்த்தே பிள்ளை அருவருப்பைக் கற்றுக்கொள்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் வாளியில் இருப்பது கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்கும். அதைச் சலித்து, மண்ணோடு கலந்து, ஒரு தொட்டியில் வெந்தயம் விதையுங்கள். சில நாள்களில் முளைத்து, ஒரு மாதத்துக்குள் கிள்ளிச் சமைக்கக்கூடிய கீரை அது; பொறுமை குறைந்த வயதுக்கு அதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை. மாசி, பங்குனி மாதங்களில் தெருவில் உதிரும் சருகை ஒரு சாக்கில் சேர்த்துவைத்தால் பல மாதத் தேவைக்கு ஆகும். அந்தச் சருகைக் கொளுத்தும் பழக்கம் பல குடியிருப்புகளில் இன்னும் இருக்கிறது என்பதால், காவலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது படி: தண்ணீரை அளத்தல்

தண்ணீரை வீணாக்காதே என்ற சொல்லைப் பிள்ளைகள் நாளுக்குப் பலமுறை கேட்டுக் கேட்டு, அது காதில் விழாத நிலைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சொல்லை நிறுத்திவிட்டு ஒரு டம்ளரையும் கடிகாரத்தையும் கொடுங்கள். சொட்டும் குழாயின் கீழே 200 மில்லி டம்ளரை வைத்து, அது நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கட்டும். 20 நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 600 மில்லி. ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல். அதாவது யாரும் குளிக்காமலே ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீர் போகிறது. கணக்கைப் பிள்ளையே போட்டால், பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி உங்களை நச்சரிப்பதும் பிள்ளையாகத்தான் இருக்கும். அப்படி நச்சரித்தால் உடனே கூப்பிடுங்கள். அளந்து சொன்னதற்கு வீட்டில் மதிப்பிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

குளிப்பதற்கு ஷவரைவிட வாளியும் குவளையும் கொண்ட பழைய ஏற்பாடே பிள்ளைகளுக்கு நல்லது, ஏனெனில் எவ்வளவு செலவழிந்தது என்பது அதில் கண்ணுக்குத் தெரியும். ஆர்.ஓ. இயந்திரம் உள்ள வீடுகளில் அதன் கழிவுநீர்க் குழாயை ஒரு வாளியில் விட்டு, ஒரு குடம் குடிநீருக்கு எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் குடித்ததைவிட அதிகமாகவே போகும். அந்த நீரால் தரையைத் துடைக்கலாம், கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம். உப்பு அதிகம் என்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். செடிக்கு அரிசி களைந்த கழுநீர் இருக்கிறது.

மழைநீர் சேகரிப்பை 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. இருந்தும், தங்கள் வீட்டில் அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்று தெரியாத பெரியவர்கள் ஏராளம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையை மாடிக்கு அழைத்துச் சென்று, நீர் இறங்கும் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயைப் பின்தொடர்ந்து கீழே வந்து, வடிகட்டும் குழியின் ஜல்லியைச் சுத்தம் செய்யுங்கள். மழை தொடங்கியதும் நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய உயரத்தை அளவுகோலால் அளக்கட்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொன்னால், அது பயமுறுத்தும் கதையாக இல்லாமல் பிள்ளைக்குப் புரியக்கூடிய செய்தியாக இருக்கும்.

பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது பிள்ளைகள் விரும்பிச் செய்யும் வேலை. அந்தக் கிண்ணத்தை இரண்டு நாளைக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவி நீரை மாற்ற வேண்டும்; தேங்கிய நன்னீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். மாற்ற முடியாத வாரங்களில் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

நான்காவது படி: மின்சாரம்

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற ஒரே விதியைக் கற்றுக்கொடுத்தால் மற்றவற்றைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். ஆளில்லாத அறையில் 9 வாட் எல்.இ.டி. பல்பு எட்டு மணி நேரம் எரிந்தால் 72 வாட்-மணி. பழைய 75 வாட் மின்விசிறி அதே நேரம் ஓடினால் 600. இரண்டாயிரம் வாட் கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டை முடித்துவிடும். நாம் பெரும்பாலும் விளக்குக்காகவே பிள்ளையைத் திட்டிவிட்டு, கீசரை மறந்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறோம். எந்தச் சுவிட்ச் முக்கியம் என்று எண் சொல்லும்போது வீட்டில் யார் அதிகம் மறக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அதைப் பெரியவர்கள் கோபப்படாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஞாயிறுதோறும் பெரியவர் ஒருவர் உடனிருக்க, மீட்டரைத் தொடாமல், அதில் தெரியும் யூனிட் எண்ணைப் பிள்ளை நாள்காட்டியில் குறித்துவைக்கட்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடப்பதால், எட்டு ஒன்பது வாரக் குறிப்பை மின்கட்டண ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

ஐந்தாவது படி: கடைக்குப் போகும்போது

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கியது. கடைகளில் உறைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே சட்டத்தை நம்பியிராமல், பையை வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டிவைத்து, அதை எடுத்துக்கொண்டு வருவதைப் பிள்ளையின் பொறுப்பாக்குங்கள். வீட்டில் பழைய துணிப்பைகள் இருக்கும்போது புதியதை வாங்க வேண்டியதில்லை. துணிப்பையின் பயன் அதைப் பலமுறை எடுத்துச் செல்வதில்தான் இருக்கிறது.

இட்லி மாவு வாங்கத் தூக்குச்சட்டி, ஹோட்டலில் சாம்பார் வாங்க டிபன் கேரியர், மீன் கடைக்கு மூடியுள்ள டப்பா என்று பாத்திரத்தோடு போவதற்குப் பதின்வயதுப் பிள்ளைகள் கூச்சப்படலாம். முதல் சில முறை நீங்களே கேட்டு வாங்குங்கள், அவர்கள் பக்கத்தில் நின்றால் போதும். கடைக்காரர் ஒரு முறை சிரித்துக்கொண்டே பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். பிறந்தநாள் விழாவைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையே திட்டமிடட்டும்: தட்டு எது, அலங்காரம் எது, வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற மூன்று கேள்விகளையும் செலவுக்கணக்கோடு அவர்களிடம் விட்டுவிட்டு, எவர்சில்வர் தட்டும் வாழையிலையும் இருப்பதை மட்டும் நினைவூட்டுங்கள். பலூன் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுங்கள். ஒன்றில் விட்டுக்கொடுப்பதால் மற்றவை கெட்டுவிடாது.

இடையில் வரும் தடைகள்

முதல் ஆர்வம் சில வாரங்களில் தணியும். அப்போது வேலையை உங்கள் கையில் எடுத்துக்கொள்ளாமல், பிள்ளைகளுக்குள் வேலையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஒரே பிள்ளை என்றால் வாளியைக் கிளறுவதை நீங்கள் எடுத்துக்கொண்டு மீட்டர் பார்ப்பதை அதனிடம் கொடுங்கள். தவறான கூடையில் போட்டதை எல்லோர் முன்னாலும் சுட்டிக்காட்டுவது பலன் தராது. “இது எந்தக் கூடைன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, நீ பாரு” என்று கேட்டால் பெரும்பாலும் பிள்ளையே எடுத்து மாற்றிவிடும்.

கழிவிலிருந்து கலைப்பொருள் செய்துவரும்படி சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. அதற்காகப் புதிய சார்ட் தாள், தெர்மாகோல், மினுமினுப்புத் தூள் என்று கடையில் வாங்கிக் குவிக்க வேண்டியிருப்பது நாம் எல்லோரும் அறிந்த வேடிக்கை. ஆசிரியரைக் குறைகூறாமல், வீட்டு உரத்தில் வளர்ந்த கீரைத் தொட்டியையோ மழை அளந்த குறிப்பேட்டையோ கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

போகியன்று பழைய டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் வழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. 2018 போகியன்று புகையும் மூடுபனியும் சேர்ந்து சென்னையில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. அன்றைக்கு வீட்டிலுள்ள பழைய பொருள்களைப் பிரித்து அடுக்குவதைச் சடங்காகவே வைத்துக்கொள்ளலாம்: கொடுக்க வேண்டிய துணி ஒரு மூட்டை, பழைய பேப்பர் கடைக்கு ஒரு மூட்டை, பழுதான செல்போனும் சார்ஜரும் மின்னணுக் கழிவாக ஒரு பெட்டி. எந்தப் பொம்மையைக் கொடுப்பது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். தெரியாமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும்.

வீட்டுக்குள் இவை ஓராண்டு நிலைத்தபின் குடியிருப்புக்குக் கொண்டுபோகலாம். சருகைக் கொளுத்தாமல் சேர்த்துவைக்க ஒரு மூலை, பழைய பேட்டரிகளுக்கு ஒரு பொதுப் பெட்டி, மழைக்குழியை ஆண்டுக்கு ஒரு முறை சுத்தம் செய்யும் நாள் ஆகியவற்றைக் கேட்டுப் பிள்ளையே சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அளந்த எண்களைக் கடிதத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நீங்களும் உடன் சென்று, பேசும் வாய்ப்பை மட்டும் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள்.